மஞ்சள் சிவந்த தொட்டி

இப்போதெல்லாம் ஜனங்கள் குப்பையைக் குப்பை வண்டியில் போடுவதில்லை. இல்லாதவன் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் நின்று போட்டோவும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதற்குத் தானம் என்று பெயர். மண்சரிவு நேரத்தில் பார்த்தேனே. மூட்டை மூட்டையாக உடுப்பு வந்தது. பிரித்தால் ஊத்தை பிடித்த கொலர், சிப் போன காற்சட்டை, ஒற்றைக்கால் சப்பாத்து. ஒரு மூட்டையில் செத்த எலி. எலியையும் சேர்த்துத்தான் கொடுத்தார்களோ என்னவோ, வாங்கினவர்கள் அதற்கும் கும்பிட்டார்கள்.

நான் நாற்பத்தொரு வருஷம் கண்டி டவுனில் சாக்கடைக் கான் கழுவி, குப்பை அள்ளினவன். பெயர் கறுப்பையா. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு சாமானைப் பார்த்தால் அது எங்கே இருந்துவிட்டு வருகிறது என்று என் மூக்குக்குத் தெரிந்துவிடும். பெரிய வீட்டுக் குப்பைதான் அதிகம் நாறும். அதை இறுக்கிக் கட்டி, மேலே வாசனைத் தூள் தூவி வைத்திருப்பார்கள். பிரிக்கிறவனுக்குத்தானே உள்ளே இருக்கிறது தெரியும்.

கண்டி மஹய்யாவில் எங்கள் வீட்டு வரிசைக்கு வந்த ஒரு கண்ணாடித் தொட்டியின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே காறித் துப்புங்கள்.

என் வீட்டுக்கு அடுத்த சுவர் ஞானேஸ்வரியின் வீடு. அவள் புருஷன் மூக்கையா மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினவன். போன வருஷம் பொங்கல் முடிந்த கிழமை, உருளைக்கிழங்கு மூட்டையோடு சரிந்து விழுந்தான். பாரிசவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருந்தது. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. சோறு வைத்தால் தட்டின் வலது பாதியை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, "சோறு முடிஞ்சிருச்சு" என்பான். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைத் தின்பான். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் வலது பக்கம் தேடுவான்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற மிஸ் ஒருத்தி, அவனுக்குப் பிடித்தது எதையாவது கட்டிலுக்கு இடது பக்கத்தில் வைக்கச் சொன்னாளாம். அவனாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தால்தான் அந்தப் பக்கம் மறுபடி மனசில் ஏறுமாம். ஞானேஸ்வரி முதலில் தானே அந்தப் பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பலிக்கவில்லை. "இருவது வருசமாப் பார்த்த மூஞ்சி, அலுத்துப் போயிருக்கும்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். பிறகு மீனைக் கொண்டுபோய் வைத்தாள்.

அந்த மீன் மூக்கையா வாங்கினது. விழுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால், பஸ் ஸ்டாண்ட் பக்கம் பொலித்தீன் பையில் விற்றவனிடம் வாங்கிவந்த கோல்ட் ஃபிஷ். கடையில் டொபி போட்டு விற்கிற கண்ணாடிப் போத்தலில், டொபி போத்தலில், விட்டிருந்தார்கள். அதை இடது பக்கத்து மேசையில் வைத்த நாலாம் நாள், அவன் கழுத்து அந்தப் பக்கம் திரும்பிற்று. கொஞ்சம்தான். ஆனால் திரும்பிற்று. ஞானேஸ்வரி சுவரில் தட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மீன் வளர்ந்துவிட்டது. போத்தல் வளருமா? உடம்பை வில்லாக வளைத்துத்தான் அதற்குள் திரும்பும். தண்ணீருக்கு மேலே வாயை வைத்துக் கப்கப் என்று காற்றைக் குடித்தது. பிளாஸ்டிக் பேசினில் விட்டால் படுத்திருக்கிறவனுக்குத் தெரியாது. "இந்த மீன் போச்சுன்னா அவருக்கு அந்தப் பக்கமே போயிரும் மாமா" என்று அவள் என்னிடம் சொன்னாள். அது சரிதான். அவ்வளவு கஷ்டப்பட்டு அவன் திரும்பியது அந்த மீனுக்காகத்தான்.

அந்த நேரத்தில்தான் ராஜரத்தினம் முதலாளி வந்தார். டவுனில் பெரிய லோண்டரி வைத்திருக்கிறவர். ஹோட்டல்களின் கட்டில் விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுக்கும். ஏழைகளுக்கு உதவுகிற சங்கம் ஒன்றுக்கு அவர்தான் தலைவர். ஞானேஸ்வரி சங்கத்தில் போய்ச் சக்கரக் கதிரை ஒன்று கேட்டிருந்தாள். கதிரை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொன்னவர், மீன் கதையைக் கேட்டுவிட்டு, தன்னிடம் ஒரு தொட்டி சும்மா கிடப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை காலையில் வேன் வந்தது. லோண்டரியில் வேலை செய்கிற ஹுஸைன் தொட்டியைத் தூக்கிவந்தான். அலவத்துகொடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன், ஐம்பது வயசிருக்கும், அதிகம் பேசமாட்டான். மூன்றடித் தொட்டி. துடைத்துப் பளபளவென்று இருந்தது. பின்பக்கம் நீலக் கடதாசி, முன்னால் சிவப்பு ரிப்பன். போன கிழமை வரைக்கும் லோண்டரி முன்னுக்கு மீன் ஓடின தொட்டி என்றும், கழுவித்தான் கொண்டுவந்ததாகவும், அப்படியே பாவிக்கலாம் என்றும் முதலாளி சொன்னார்.

"அதுல ஓடின மீனெல்லாம் எங்க மொதலாளி?" என்று கேட்டேன்.

"பெரியவருக்குச் சாட்சி வேணுமாம்" என்று அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஹுஸைன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கைகளை நான் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளிறி, தோல் உரிந்து, நகம் கரைந்திருந்தது. அயன் பிடிக்கிறவன் கையில் சூட்டுக் காய்ப்பு இருக்கும். இப்படி இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்து, மீன் ஓடுவதையும் மூக்கையா பார்ப்பதையும் போட்டோ எடுக்கப்போவதாக முதலாளி சொன்னார். சங்கத்து ஆட்கள் அதைப் பார்த்தால் கதிரை விஷயமும் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார். அந்தக் கதிரையைச் சொன்ன பிறகு ஞானேஸ்வரிக்குத் தொட்டியைப் பற்றிக் கேள்வி கேட்க வாய் வருமா?

அவர் போனதும் அவள் தொட்டியைச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவினாள். நான் இல்லாத நேரம். இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டேன். மீன் இருக்கிற இடத்தில் சவர்க்காரம் படவே கூடாது. கழுவினதும், நம் வீடுகளில் புதுச் சாமானுக்குச் செய்கிறது போல, மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் அடி ஓரத்திலும் பூசிப் பொட்டு வைத்தாள். ரேடியோ வந்தாலும் பிரிஜ் வந்தாலும் இங்கே மஞ்சள் வைக்காமல் பாவிக்கமாட்டார்கள். மஞ்சள் வைத்துவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பு.

அரை மணித்தியாலத்தில் மஞ்சள் சிவந்துவிட்டது. அடி ஓரம் முழுக்க, குங்குமத்தைக் கரைத்து ஊற்றினது போல.

எதிர் வீட்டுப் பாலம்மாதான் முதலில் பார்த்தாள். திருவிழாவுக்குத் திருவிழா சாமி ஆடுகிறவள். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மன் தொட்டியை ஏற்றுக்கொண்டுவிட்டாளாம், மூக்கையா எழும்பி நடக்கப்போகிறானாம். பத்து நிமிஷத்தில் வரிசையே கூடிவிட்டது. ஒருத்தி சூடம் கொளுத்தினாள். இன்னொருத்தி தொட்டிக்குள் ஒரு செவ்வரத்தம் பூவைப் போட்டாள். நான் கடைக்குப் போய்விட்டு வந்து இந்தக் கூத்தைப் பார்த்தேன்.

"ஆரத்தி எப்பிடிச் செவக்குது?" என்று கேட்டேன். "மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு விழுந்தாத்தானே? இதுல யாரு சுண்ணாம்பு போட்டது, அம்மனா?"

"அண்ணனுக்கு அம்மன் மேலயும் சந்தேகம்" என்றாள் பாலம்மா.

"அம்மன் மேல இல்ல. வேன்ல வந்தவரு மேல."

நாளும் பொழுதும் ஆரத்தி கரைக்கிற பொம்பிளைகள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். பெரிய மனுஷன் கொடுத்த சாமான் என்றதும் கைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. கொடுத்தவனைச் சந்தேகப்படுவதைவிட அம்மனைக் கூட்டிவருவது அவர்களுக்கு லேசாக இருந்தது.

ஞானேஸ்வரி சவர்க்காரத் தூள் போட்டதைச் சொன்னாள். அதுவும் காரம்தான், மஞ்சளைச் சிவக்க வைக்கும். அது நியாயமான பேச்சு. அதனால் நானே பத்து வாளி தண்ணீர் ஊற்றி அலசினேன். பூ, பொட்டு எல்லாம் போயிற்று. மறுபடி மஞ்சள் பூசினேன். இந்தத் தடவை பக்கக் கண்ணாடியில் பூசினது மஞ்சளாகவே இருந்தது. அடி ஓரத்தில் மட்டும் நூல் போலச் சிவப்பு வந்தது. இன்னும் பத்து வாளி. மறுபடி அதே இடத்தில் அதே சிவப்பு. தூள் என்றால் எல்லா இடத்திலும் போயிருக்கும். இது உள்ளே எங்கேயோ இருந்து கசிகிறது.

இதை நான் சொன்னபோது ஞானேஸ்வரி கோபப்பட்டாள். "நீங்க எதைத்தான் நல்லதுன்னு சொல்லியிருக்கீங்க மாமா? கதிரை குடுக்கப்போற மனுசன். அவருக்கு மொகங் கோணுறாப்புல நான் என்னத்தப் போயிக் கேக்கிறது?"

இப்படித்தான் நம் வாயைக் கட்டுகிறார்கள். இன்றைக்குக் கொடுக்கிற குப்பையைப் பற்றிப் பேசக்கூடாது, ஏனென்றால் நாளைக்கு வேறொன்று தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மீன் போத்தலிலேயே இருக்கட்டும் என்றாள். பைப் தண்ணீரில் குளோரின் கிடக்கும், அதுவே மீனைக் கொல்லும். அதனால் வாளிகளில் தண்ணீரைப் பிடித்து இரண்டு நாள் திறந்து வைத்தோம். சனிக்கிழமை அதைத் தொட்டியில் ஊற்றினோம். ஒரு சொட்டு வெளியே ஒழுகவில்லை. பாலம்மா என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலையில் நான் ஒரு ஜாம் போத்தலோடு மேட்டுக் கானுக்குப் போனேன். கடிக்கிற நுளம்பு தண்ணீரில் விடுகிற குஞ்சைத் தின்பதற்காக அந்தக் கானில் கப்பி மீன் விட்டிருக்கிறார்கள். வேலையில் இருந்தபோது நானே தகரத்தில் கொண்டுபோய் ஊற்றினவன். அதன் பேரப்பிள்ளைகள் இன்னும் ஓடுகின்றன. நாலு பிடித்தேன். மனசுக்குச் சரியில்லைதான். சாகக் கொடுக்கிறதற்காகப் பிடிக்கிறோமே என்று இருந்தது. ஆனால் ஞானேஸ்வரியின் மீனை விட்டுப் பார்த்துச் சோதிக்க முடியுமா?

வேன் வந்தது. முதலாளி உடம்பில் வெள்ளைச் சேட்டு, கையில் போன். பின்னால் ஹுஸைன். மூக்கையாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார்த்தியிருந்தார்கள். தலை சீவி, பொட்டு வைத்து, போட்டோவுக்கு. தொட்டி இடது பக்கத்து மேசையில், வாசலில் வரிசை ஜனம்.

முதலாளி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீனை விடச் சொன்னார். ஞானேஸ்வரி டொபி போத்தலைத் தொட்டி விளிம்பில் சரித்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"மொதல்ல இது போகட்டும் புள்ள."

அவள் பதில் சொல்வதற்குள் மூன்று கப்பியைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். நாலாவதை ஜாம் போத்தலிலேயே விட்டு, தொட்டிக்கு வைத்த வாளியில் மிஞ்சியிருந்த தண்ணீரை அதற்கு நிரப்பி, பக்கத்தில் வைத்தேன்.

மூன்றும் முதலில் விர்ரென்று மேலும் கீழுமாக ஓடின. முதலாளி சிரித்துக்கொண்டே அதையும் போட்டோ எடுத்தார். பிறகு கண்ணாடியில் முட்டின. பிறகு ஒன்று பக்கவாட்டில் சரிந்து வட்டமடித்தது. ஒரு கோப்பைப் பிளேன்டீ குடிக்கிற நேரம் இருக்காது, மூன்றும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஜாம் போத்தலில் இருந்தது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது மூக்கையா, யாரும் சொல்லாமலே, இடது பக்கம் தலையைத் திருப்பித் தொட்டியைப் பார்த்தான். "செத்துப்போச்சு" என்றான். விழுந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை அது.

ஞானேஸ்வரி டொபி போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

தண்ணீர் சரியில்லை என்றார் முதலாளி. நான் ஜாம் போத்தலைக் காட்டினேன். அதே வாளித் தண்ணீர். உடனே பேச்சை மாற்றினார். இவள் சவர்க்காரத் தூள் போட்டிருப்பாள், இந்த ஜனங்களுக்கு ஒரு சாமானைக் கொடுத்தால் வைத்துக்கொள்ளத் தெரியாது என்றார். தலையைக் குனிந்து நின்ற ஞானேஸ்வரியைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஹுஸைன், ஒரு பக்கம் புடி" என்றேன். இரண்டு பேருமாகத் தொட்டியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைச் சாய்த்தோம். கான் சுரண்டுகிற தகட்டுக் கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை அடி ஓரத்தில், சிவப்பு வந்த இடத்தில், குத்தி நெம்பினேன். உடைத்துவிடப்போகிறேன் என்று முதலாளி கத்தினார். அடிக் கண்ணாடி அப்படியே பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழே இன்னொரு கண்ணாடி, ஏற்கெனவே நடுவால் வெடித்திருந்தது.

இரண்டுக்கும் நடுவே இருந்ததை எப்படிச் சொல்ல? பழைய சீழ் போல, பாதி உறைந்து பாதி வழவழவென்று வெள்ளையாக ஒரு படை. அதற்குள் கரப்பான் ஒன்று நசுங்கி, கால் மீசையெல்லாம் வெளுத்து, எலும்புத் துண்டு மாதிரிக் கிடந்தது. நாற்றம் கண்ணைக் கரித்தது. நாற்பத்தொரு வருஷம் கானுக்குள் நின்றவன் நான், எனக்கே ஓங்கரித்தது. ஞானேஸ்வரியின் மஞ்சள் கிண்ணத்தை வாங்கி அதன்மேல் ஒரு விரல் தேய்த்தேன். தேய்த்த வேகத்தில் ரத்தமாகச் சிவந்தது. பாலம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஹுஸைன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்தான்.

"இது துணி வெளுக்கிற சோடாத் தொட்டி தானே மொதலாளி" என்றான் மெதுவாக. "ரெண்டு வருசமா ஹோட்டல் துணி ஊறப்போட்டது நான் தானே. அடி வெடிச்செண்டு மேலால கண்ணாடி ஒண்டு ஒட்டினதும் நான் தான்." ஞானேஸ்வரியின் பக்கம் திரும்பினான். "அண்டைக்கே இதச் செல்ல நெனச்ச தங்கச்சி. வாய் வரல்ல. வூட்டுல நாலு பேர் ஈக்காங்க."

முதலாளியின் முகம் கறுத்தது. "ஒரு மீனுக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார்.

அதுவரைக்கும் ஞானேஸ்வரி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. அப்போது பார்த்தாள். "மீன் செத்தா இவரு மறுபடி இந்தப் பக்கம் திரும்பமாட்டாரு மொதலாளி. நீங்க பொய் சொன்னது மீன்கிட்ட இல்ல, என்கிட்ட."

அவர் வேனில் ஏறினார். ஹுஸைனை ஏறச் சொல்லவில்லை. அவன் நடந்தே போனான்.

கதிரையும் போச்சு என்று நான் சொன்னேன். போகட்டும் என்றாள் ஞானேஸ்வரி. செத்த மூன்று கப்பியையும் அவளே பொறுக்கி, மண்ணைக் கிண்டிப் புதைத்தாள். சூடம் கொளுத்தின கூட்டத்தில் ஒரு ஆள்கூட அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கும்பிடுவதற்கு முப்பது கை வந்தது, வாளி தூக்குவதற்கு ஒரு கை வரவில்லை. அதையும் சொல்லித்தான் வைக்கவேண்டும்.

அடுத்த பௌர்ணமிப் போயா நாள் லோண்டரி லீவு. ஹுஸைன் இரண்டு போத்தல் வினாகிரியோடு வந்து நின்றான். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்டேன். முதலாளி ஒரு கிழமையாகத் தன்னோடு பேசுவதில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை என்றான். இரண்டு பேரும் வாசலில் குந்தினோம்.

தொட்டியைத் தூக்கிப்போடுவதென்றால் எனக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனால் புதிதாக வாங்க அவளுக்கு எங்கே முடியும்? அதனால் செய்தோம். மூலைகளில் இருந்த பழைய பசையையெல்லாம் சவர அலகால் சுரண்டி எடுத்தோம். கண்ணாடி ஊறிப் போகாது, பசைதான் ஊறும், கெட்டதெல்லாம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். வெடித்த அடியைக் கழற்றி எறிந்தோம். கண்ணாடிப் பலகைகளில் வினாகிரியை ஊற்றித் தேய்த்தோம். சோடா கிடந்த இடமெல்லாம் நுரைத்தது. நுரை நிற்கும் வரைக்கும் ஊற்றினோம். பிறகு கல்லுப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, வெயிலில் வைத்தோம். சவர்க்காரம் என்ற பேச்சே இல்லை.

படம் பிரேம் போடுகிற கடையில் புது அடி வெட்டினோம். பசை வாங்க நான் போனேன். ஹாட்வெயார்க்காரன் குளியலறைக்குப் பூசுகிறதைக் கொடுத்தான், எல்லாம் ஒன்றுதான் என்றான். அதில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கிறது. பூஞ்சணத்தைக் கொல்கிற மருந்து மீனை மட்டும் தாலாட்டுமா? அவன் முகத்தில் எறியாத குறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீன் விற்கிற கடையில் தொட்டிக்கென்றே இருக்கிற பசையை வாங்கினேன். வாங்கிய பிறகும் மூன்று பேரிடம் காட்டிக் கேட்டேன்.

ஒட்டி, அந்தப் புளித்த வாடை போகும் வரைக்கும் ஒரு கிழமை காயவிட்டோம். பிறகு தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் வைத்து, கொட்டினோம். மறுபடி நிரப்பினோம், கொட்டினோம். ஒவ்வொரு தடவையும் அடி ஓரத்தில் மஞ்சள் பூசிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் காலையில் பூசின மஞ்சள் பின்னேரம் வரைக்கும் மஞ்சளாகவே கிடந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. ஜாம் போத்தலில் இருந்த நாலாவது கப்பியை விட்டேன். ஒரு நாள் ஓடிற்று. இரண்டாவது நாளும் ஓடிற்று. மூன்றாம் நாள் அது என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. தீனி கேட்கிறது என்றாள் ஞானேஸ்வரி.

அதற்குப் பிறகுதான் அவள் மீன். போத்தலோடு தொட்டியில் மிதக்கவிட்டு, கோப்பை கோப்பையாகத் தொட்டித் தண்ணீரைப் போத்தலில் கலந்து, மெல்லச் சரித்தோம். மீன் முதலில் போத்தல் அளவு இடத்திலேயே வளைந்து வளைந்து சுற்றியது. இடம் இருப்பது அதற்குத் தெரியவில்லை. திடீரென்று ஒரு நீட்டு நீட்டி, மூன்றடியையும் ஒரே ஓட்டமாக ஓடிற்று. மூக்கையாவின் தலையும் அதோடு போயிற்று. இடது ஓரம் வரைக்கும். அங்கிருந்து திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. அன்றைக்குப் பகல் ஞானேஸ்வரி தட்டைத் திருப்ப எழுந்து வந்தபோது, இடது பக்கம் இருந்த பருப்பில் அவன் விரல் கிடந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை.

மூன்று கிழமை கழித்து ராஜரத்தினம் முதலாளி வந்தார். வேனிலிருந்து ஒரு சக்கரக் கதிரையை ஹுஸைனும் அவருமாக இறக்கினார்கள். அவரே ஒரு பக்கம் பிடித்தார். போன் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. பைக்குள் இருக்கிற போன் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கதிரைக் கையில் எழுதின கடதாசி மட்டை ஒன்று கட்டித் தொங்கியது. எனக்கு எழுத்துக் கூட்ட நேரமாகும். ஞானேஸ்வரி வாசித்தாள். ஹுஸைனின் கையெழுத்தாம். 'இது ராஜரத்தினம் முதலாளியின் அம்மா பாவித்த கதிரை. இடது பக்க பிரேக் புதியது. வலது பக்க பிரேக் இறுக்கம், அழுத்திப் பிடிக்கவும். இருக்கைச் சீலை ஒரு இடத்தில் தைத்தது.'

முதலாளி வாசலிலேயே நின்றுதான் பேசினார். வரிசை ஜனம் மறுபடி கூடிவிட்டது. கூட்டம் கூடுவதற்கு மட்டும் இவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

"ஸ்டோர்ல ஒரு வளைஞ்ச கதிரை கெடந்துச்சு. அதத்தான் பெயின்ட் அடிச்சுக் கொண்டாற வச்சிருந்தேன்" என்றார். "ஹுஸைன் ஒரு கேள்வி கேட்டாரு. ஒங்கட அம்மாவ இதுல இருத்துவீங்களா மொதலாளின்னு. அம்மா போயி ரெண்டு வருசம், அவங்க கதிரையப் போர்த்தி அறைக்குள்ள வச்சிருந்தேன். நல்லதப் போர்த்தி வச்சிட்டு, ஒடைஞ்சதத் தானம்னு குடுத்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்." கதிரைக் கையைத் தடவிக்கொண்டார். "ஒரு சாமானக் குடுக்க முந்தி, இத நம்ம வீட்டு ஆளுக்குக் குடுப்போமான்னு நம்மளயே கேட்டுக்கணும். அதுல என்ன கொறை, முந்தி அதுல என்ன இருந்துச்சுன்னு வாயத் தொறந்து சொல்லிக் குடுக்கணும். சொல்ல வெக்கமா இருந்தா அதக் குப்பையில போடணும், அடுத்தவங்க வீட்டுல போடக் கூடாது. வாங்குறவங்களும் கும்பிட முந்திக் கேக்கணும். தங்கச்சி, என்னய மன்னிச்சுக்கங்க."

ஞானேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது. பாலம்மாவுக்கு அதற்கு முன்னாலேயே கலங்கிவிட்டது.

அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அதில் நான் ஒரு சொல் மாற்றமாட்டேன். நீங்களும் அதை உங்கள் வீட்டில் சொல்லிவையுங்கள். ஆனால் சரியான பேச்சைப் பேசுகிறவர்கள் வீட்டுக் குப்பையும் நான் அள்ளியிருக்கிறேன்.

"மூக்கையாவ இப்ப ஏத்தாத புள்ள" என்றேன். கதிரையைத் தள்ளிக்கொண்டு எங்கள் வரிசை முடிகிற மேட்டுக்குப் போனேன். கீழே பெரிய ரோட் வரைக்கும் நல்ல இறக்கம். கதிரையில் நானே ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்குக் கப்பியை விட்டுப் பார்த்தோம், இன்றைக்குக் கப்பி நான்தான். எழுபத்திமூன்று வயசுக் கப்பி. வேண்டாம் வேண்டாம் என்று ஞானேஸ்வரி ஓடிவந்தாள். ஹுஸைன் இறக்கத்தில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான். பத்தடி ஓடவிட்டு இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். வலது பக்கம் அழுத்த வேண்டியிருந்தது, மட்டையில் எழுதினது போலவே. கதிரை நின்றுவிட்டது.

முதலாளி மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். போன் இன்னும் பைக்குள்தான்.

"இப்பவாவது நம்புறீங்களா மாமா?" என்று கேட்டாள் ஞானேஸ்வரி.

"வெயில்ல புடிச்சிருக்கு. மழையில நனைஞ்ச பொறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, கதிரையை ஹுஸைனிடம் கொடுத்து, அவர்களைத் தாண்டி என் வீட்டுப் பக்கம் நடந்தேன். பின்னால் பாலம்மா என்னைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஹந்தானை மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.